கால்வாய்க்கு அந்தப் பக்கம் விடுமுறை

நவம்பர் 4, செவ்வாய்

இது மருந்து கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மாத்திரைக்கு விளம்பரம். இன்றைய பக்கத்துக்கு வாயுத் தொல்லை. பத்து மாதம் பீரோவில் சும்மா கிடந்ததை இன்று எடுத்திருக்கிறேன். காரணம், தெருவில் கணுக்கால் தண்ணீர், பூக்காரம்மா வரவில்லை. ஒரு நாள் முழுக்கச் சேர்ந்த செய்திகளை யாரிடமாவது இறக்கி வைக்காவிட்டால் எனக்கே அந்த மாத்திரை தேவைப்படும்.

விடிந்ததும் டி.வி.யின் அடியில் சிவப்புப் பட்டை ஓடியது. செங்கல்பட்டு மாவட்டத்தில் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை. சென்னையைப் பற்றி மூச்சு இல்லை. மதி சோபாவில் ஏறிக் குதித்தாள். நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் கதை கொஞ்சம் சிக்கல். வீடு இருப்பது சென்னை மாவட்டம். தெருக்கோடியில் ஒரு கால்வாய். பாலத்தைத் தாண்டினால் செங்கல்பட்டு மாவட்டம். மதியின் பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். மழை இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் பெய்கிறது. கலெக்டர்கள்தான் வேறு வேறு. போன வருஷம் அடுத்த தெரு இன்ஜினீயர் ஒருவர், சென்னைக்கு விடுமுறை இல்லை என்று பார்த்துவிட்டு, பிள்ளையைப் பூட்டிய கேட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவருக்குப் பாடம் எடுத்தது நான்தான். "சார், வீடு எங்க இருக்குன்னு பாக்கக் கூடாது. ஸ்கூல் எங்க இருக்குன்னு பாக்கணும்." படித்த மனுஷர், பாவம். அதிலிருந்து மேகம் கறுத்தால் எல்லாத் தாய்மாரும் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். இந்த ஏரியாவின் வானிலை மையம் நான்.

வானிலை மையத்தின் கணவர் குணசீலன், மின்வாரியத்தில் கம்பியாளர். மழை வந்தால் மகளுக்கு விடுமுறை, அப்பாவுக்குக் கட்டாய டூட்டி. வானிலை மையமோ ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேசை. மதி பிறந்து எட்டு வருஷம் வீட்டில் குக்கரோடு பேசிக்கொண்டிருந்தேன். குக்கர்தான் அதிகம் பேசியது. ஜூனில் இந்த வேலை கிடைத்தது. இன்னும் தற்காலிகம்தான். நாற்பத்து நான்கு வயதில் இதையும் விட்டால் மறுபடி குக்கர்தான்.

எதிர் வீட்டுக் கிருபா அக்காவின் கதவைத் தட்டினேன். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "வுட்டுட்டுப் போ கோதை. ஒரு புள்ள இருந்தா என்னா, மெஷினு ஓடாதா?"

நவம்பர் 5, புதன்

இன்றும் விடுமுறை. இன்றும் கிருபா அக்கா. மதி பொத்தான் தைக்கக் கற்றுக்கொண்டாள். பொத்தான் இல்லாத என் ரவிக்கைகள் எத்தனை என்பதையும் அங்கே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வீட்டு ரகசியம் இந்தப் பெண்ணிடம் தங்காது. யாரைக் கொண்டதோ.

நவம்பர் 12, புதன்

ஸ்கேன் சென்டரில் என் வேலை, நாள் முழுக்க ஒரே வாக்கியத்தைச் சொல்வது. "வயிறு நிறையத் தண்ணி குடிங்க, அடக்கி வைங்க, கூப்பிடுவோம்." ஊரே தண்ணீரில் நிற்கும்போது இதைச் சொல்ல எனக்கே சிரிப்பு வருகிறது. இன்று அந்தக் கூட்டத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிருபா அக்கா நின்றாள். கழுத்தில் ஒரு கட்டி. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள்.

"கோதை, யாருக்கும் தெரிய வேணாம். சுபாவுக்கு மாப்பிள்ளை வூட்ல பேச்சு ஓடிக்கினு இருக்குது. தாய்க்குக் கழுத்துல கட்டின்னு தெரிஞ்சா, பொண்ணுக்கும் வருமான்னு கேப்பானுங்க. நிச்சயம் முடியட்டும், அப்பறம் அறுத்துக்கறேன்."

"அக்கா, என் வாய் இரும்புப் பெட்டி" என்றேன்.

சாயங்காலம் பூக்காரம்மா லோகநாயகி, முழம் அளந்துகொண்டே கேட்டாள்: "கிருபாம்மா மூஞ்சி ஏன் வாடிக் கெடக்குது?" அக்கறையாகக் கேட்கிற ஒரு ஜீவனிடம் பொய் சொல்ல முடியுமா? என் கழுத்தை லேசாகத் தொட்டுக் காட்டினேன். அவ்வளவுதான். வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

மறுபடி மழை, மறுபடி அந்தப் பக்கம் மட்டும் விடுமுறை. குணசீலன் விடிவதற்கு முன்னாலேயே போய்விட்டார். மதியைக் கையில் பிடித்துக்கொண்டு கிருபா அக்காவின் கதவைத் தட்டினேன். கதவு ஒரு சாண்தான் திறந்தது.

"இன்னைக்கு முடியாது கோதை."

"அக்கா, இன்னைக்கு ஒரு நாள்..."

"அந்தப் பூக்காரிகிட்ட வுட்டுட்டுப் போயேன். உனக்கு ரொம்ப நெருக்கமாச்சே."

கதவு மூடிக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டார் பேச்சை இழுக்கிறார்களாம். இந்தத் தெருவில் யாருக்குத்தான் இப்படி வாய் நீளமோ.

வேறு வழியில்லாமல் மதியை வேலைக்கே கூட்டிப் போனேன். மேசைக்கு அடியில் பாய் விரித்து, கலர் பென்சில் கொடுத்து, மூச்சு விடாதே என்று உட்கார வைத்தேன். மத்தியானம் வரைக்கும் விடவில்லை. நான் ரசீது எடுக்கப் பின்னறைக்குப் போன நேரம் போன் அடித்திருக்கிறது. அடித்தால் எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எடுத்து என் குரலிலேயே பேசியிருக்கிறாள்: "வயிறு நிறையத் தண்ணி குடிங்க, அடக்கி வைங்க, கூப்பிடுவோம்."

எதிர்முனையில் எங்கள் முதலாளி டாக்டர்.

மேனேஜர் டெய்சி மேடம் என்னைக் கூப்பிட்டு, மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். மதி கீழே இருந்தபடியே "குட் ஆப்டர்நூன் மேம்" என்றாள். டெய்சி மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டுதான் பேசினார்.

"பூங்கோதை, இது ஹாஸ்பிட்டல் மாதிரி எடம். எக்ஸ்ரே ரூம் பக்கத்துல குழந்தைய வெச்சிருக்கீங்க. இன்னொரு தடவை வேணாம்."

"பேத்திங்களா?" என்று கேட்டார் காத்திருந்த பெரியவர் ஒருவர். முப்பத்தாறு வயதில் பெற்றால் இந்தக் கேள்வியையும் சேர்த்துத்தான் பெற வேண்டும்.

நவம்பர் 19, புதன்

இன்று பள்ளி இருந்தது. கிடைத்த இடைவேளையில் ஊரெல்லாம் போன் போட்டேன்.

முதலில் டே கேர். பாலத்துக்கு அந்தப் பக்கம், சுவரில் யானை, முயல் படமெல்லாம் போட்ட இடம். "மழை லீவு அன்னைக்கு மட்டும் பாத்துக்கணும்" என்றேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: "மேடம், மழை லீவு அன்னைக்கு நாங்களும் லீவு. கலெக்டர் உத்தரவு எங்களுக்கும்தானே?" குடை வாடகைக்கு உண்டு, மழை நாளில் மட்டும் கடை கிடையாது என்பது மாதிரி.

அடுத்து நாத்தனார் இந்திராணி, தாம்பரத்தில் இருக்கிறாள். "ஐயோ அண்ணி, எங்க வூட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு, கட்டில் மேல ஒக்காந்துகினு இருக்கோம்" என்றாள். பின்னால் டி.வி. தொடரில் மாமியார் அழுகிற சத்தம் கேட்டது. கட்டிலோடு டி.வி.யையும் தூக்கி வைத்திருப்பாள்.

குணசீலனிடம் சொன்னேன். "ஒரு நாள் நீங்க லீவு போட முடியாதா?"

"மழையில நான் லீவு போட்டா ஊரே இருட்டுல கெடக்கும் கோதை."

"வெயில்ல போடுங்களேன்."

"வெயில்ல எதுக்குடி லீவு? அன்னைக்குத்தான் ஸ்கூல் இருக்குமே."

நியாயமாகத்தான் பேசுகிறார். நியாயமாகப் பேசுகிறவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நவம்பர் 24, திங்கள்

இரண்டு மாவட்டத்துக்கும் விடுமுறை. மதியை வீட்டிலேயே விட்டுவிட்டு வெளியே பூட்டிக்கொண்டு போனேன்.

பூட்டினேன் என்று எழுதினால் ஜெயில் மாதிரி இருக்கிறது. நகையையும்தான் பூட்டி வைக்கிறோம். அதை யாரும் தப்பாகச் சொல்வதில்லை.

போகும்முன் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். யார் கதவைத் தட்டினாலும் சத்தம் போடாதே. அடுப்புப் பக்கம் போகாதே. நான் வருகிற வரைக்கும் சோபாவை விட்டு அசையாதே. பிஸ்கட், தயிர்சாதம், தண்ணீர் பாட்டில் எல்லாம் கைக்கு எட்டுகிற இடத்தில். ஒரு ராணிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

"ஒண்ணுக்கு வந்தா?"

"அதுக்கு மட்டும் எழுந்து போ."

திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடு கும்மிருட்டு. மத்தியானமே மின்சாரம் நின்றுவிட்டதாம். சோபாவில் அதே இடத்தில், மடியில் தலையணையோடு உட்கார்ந்திருந்தாள். தயிர்சாதம் அப்படியே இருந்தது. சோபா நனைந்திருந்தது.

"பாத்ரூம் இருட்டா இருந்துச்சும்மா. ரொம்ப நேரம் அடக்கி வெச்சேன்."

நாளெல்லாம் ஊருக்குச் சொல்கிறேன் அல்லவா, அடக்கி வையுங்கள், கூப்பிடுவோம் என்று. என் பெண்ணை யாரும் கூப்பிடவில்லை.

உறையைத் துவைத்துப் போட்டேன். பஞ்சு காயவில்லை. "அப்பாகிட்ட பூட்டிட்டுப் போனத சொல்ல வேணாம். பயந்துடுவாரு" என்றேன். தலையாட்டினாள். குணசீலன் வந்ததும் சோபாவைத் தொட்டுப் பார்த்து, "என்னது ஈரம்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மதி சொன்னாள்: "நான்தான்பா தண்ணி பாட்டில கொட்டிட்டேன்."

கண் இமைக்காமல் சொன்னாள். பொய்யில் ஒரு சொல் கூட அதிகம் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

நவம்பர் 25, செவ்வாய்

கனமழை எச்சரிக்கை, விடுமுறை. பிறகு வெயில் மண்டையைப் பிளந்தது. குணசீலன் ராத்திரி டூட்டிக்கும் போய்விட்டு, விடிந்து வந்து பிணம் மாதிரி தூங்கினார். அவரை நம்பித்தான் மதியை விட்டுவிட்டுப் போனேன். வந்து கேட்டால், அப்பாவை அவள்தான் பார்த்துக்கொண்டாளாம். ஈ விரட்டியிருக்கிறாள். போன் அடித்தபோது எடுத்து, "அப்பா தூங்குது, அவசரமா?" என்று கேட்டிருக்கிறாள்.

டிசம்பர் 1, திங்கள்

வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். டெய்சி மேடத்தின் அறையில் இன்னொன்று.

கடந்த வியாழனும் வெள்ளியும் மதிக்கு மழை விடுமுறை, நான் வேலைக்குப் போகவில்லை. பூட்டிவிட்டுப் போகக் கை வரவில்லை. இன்று போனால் என் நாற்காலியில் ஒரு பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். பிள்ளை குட்டி இல்லை, கல்யாணமும் இல்லை. "வயிறு நிறையத் தண்ணி குடிங்க" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். என்னைவிட இனிமையாகத்தான் சொன்னாள்.

டெய்சி மேடம் கதவைச் சாத்தினார். நல்ல மனுஷி, திட்டும்போதும் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைப்பார்.

"பூங்கோதை, எனக்கும் ரெண்டு பசங்க. புரியாம இல்ல. ஆனா டாக்டர் கேக்கறாரு, ஜனவரியில யாரை நிரந்தரம் பண்றதுன்னு. இந்த மாசம் இன்னொரு நாள் நீங்க வரலைன்னா, அப்பறம் வர வேணாம். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"வருவேன் மேடம்."

"மழை வந்தா?"

"நீந்தியாவது வருவேன்."

அவர் சிரிக்கவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

மழை. ஆனால் எல்லோருக்கும் முன்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இருபத்திரண்டு வயது நின்றுகொண்டிருக்கிறது. கூட்டம் இல்லை, அதனால் மேசையிலேயே எழுதுகிறேன்.

மதிக்கு இன்று பள்ளி உண்டு. டி.வி.யில் தெளிவாகப் போட்டான், சென்னையில் பள்ளிகள் வழக்கம்போல் இயங்கும் என்று. அதற்குப் பிறகு பட்டையில் என்ன ஓடியது என்று பார்க்கவில்லை. தோசை கருகிக்கொண்டிருந்தது, அணைத்துவிட்டேன். டி.வி.யையும் சேர்த்து. வகுப்புக் குழுவில் நிறையச் செய்தி வந்து கிடக்கிறது. எல்லாம் குட் மார்னிங் ரோஜாப்பூவாகத்தான் இருக்கும். மூன்று தாய்மார்கள் போன் செய்தார்கள். காலை நேரத்தில் யாருக்குப் பேச நேரம் இருக்கிறது?

தசரதன் அண்ணனின் பள்ளி ஆட்டோ வரவில்லை. ஈரத்தில் ஸ்டார்ட் ஆகியிருக்காது. அதனால் நானே பாலம் வரைக்கும் கொண்டு போய் விட்டேன். இந்தப் பக்கம்தான் எனக்கு ஷேர் ஆட்டோ. பாலத்தைத் தாண்டினால் பள்ளி கூப்பிடு தூரம்; எட்டு வயதுப் பெண், தெரிந்த வழி. தெருவில் யூனிபார்ம் போட்ட இன்னொரு பிள்ளை கண்ணில் படவில்லை. இந்தக் காலத்துப் பெற்றோர் தூறலுக்கே பயந்து சாகிறார்கள்.

பாலத்தில் மதி நின்றாள். "அம்மா, அந்தப் பக்கம் லீவா இருந்தா?"

"இல்லன்னா இல்ல."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குடையை வாங்கிக்கொண்டு, "சரிம்மா, நீ ஆபீசுக்குப் போ. லேட்டாயிடும்" என்றாள். அந்த மழைக்கோட்டில் பின்னாலிருந்து பார்த்தால் ஒரு மஞ்சள் வாளி நடந்து போகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. நானும் முழுக்கப் பார்க்கவில்லை. ஷேர் ஆட்டோ வந்துவிட்டது.

டெய்சி மேடம் இந்தப் பக்கமாகப் போகும்போது என் தோளைத் தட்டினார்.

குணசீலன் போன் செய்கிறார். டூட்டி நேரத்தில் அவர் கூப்பிடவே மாட்டாரே.

டிசம்பர் 3, புதன்

மதிக்குக் காய்ச்சல். நெற்றியில் துணி மாற்றுவதற்கு நடுவில் எழுதுகிறேன். எழுதாவிட்டால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

பள்ளி பூட்டியிருந்தது. அந்தப் பக்கம் விடுமுறை. கேட்டுக்குள் காவல்காரர் கூட இல்லை. மதி எதிரில் இருந்த மூடிய ஜெராக்ஸ் கடையின் படியில் ஏறி நின்றிருக்கிறாள். கால்வாய் நிரம்பி ரோட்டுக்கு வந்துவிட்டது. தண்ணீர் முதல் படியைத் தொட, இரண்டாவது படி. அதையும் தொட, மேல் படி. அதற்கு மேல் படி இல்லை.

அந்தத் தெருவில் ஒரு கம்பி அறுந்து தண்ணீருக்குள் விழுந்திருக்கிறது. யாரோ மின்வாரியத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். வந்தது குணசீலனின் குழு.

தெருமுனையில் டிரான்ஸ்பார்மரை நிறுத்த ஏறும்போது மஞ்சளாக ஏதோ தெரிந்ததாம். யார் பெற்ற பிள்ளையோ என்றுதான் முதலில் நினைத்தாராம். பெற்றவர்களைத் திட்டிக்கொண்டே கத்தியிருக்கிறார்: "பாப்பா, கீழ எறங்காதே! தண்ணியில கால வெக்காதே!"

"நான் அசைய மாட்டேன்ப்பா" என்று பதில் வந்திருக்கிறது.

அப்போதுதான் தெரிந்திருக்கிறது.

அந்தப் படிக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு நாய் மிதந்தது. அவளுக்கு முன்னால் அது இறங்கியிருக்கிறது. இதைக் குணசீலன் என்னிடம் சொல்லவில்லை. அவரோடு வேலை செய்கிற பையன்கள் சொன்னார்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அவரால் தண்ணீரில் கால் வைக்க முடியவில்லையாம். இருபது வருஷம் கம்பத்தில் ஏறியவர். பையன்கள்தான் போய்த் தூக்கி வந்தார்கள்.

சொன்ன பேச்சைக் கேட்டு அசையாமல் நின்றதால்தான் பிழைத்தாள். வளர்ப்பு அப்படி, என்று ஒரு வரி எழுத வந்தேன். பாலத்தில் அவளிடம் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் அல்லவா, பூட்டியிருந்தால் நனையாத இடமாகப் பார்த்து நில், அசையாதே என்று. நேற்றைய பக்கத்தில் அந்த வரி இல்லை.

குணசீலன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார். "லீவுன்னு உங்கம்மாவுக்குத் தெரியாதா?"

நான் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். கரண்டி நின்றது.

"நான்தான்பா" என்றாள் மதி. காய்ச்சலில் நாக்கு குழறியது. "எனக்குத் தெரியும். அம்மாகிட்ட லீவு இல்லன்னு நான்தான் சொன்னேன். அம்மாவத் திட்டாதே."

நான் கஞ்சியைக் கிண்டினேன். கட்டி தட்டாமல் வந்தது.

டிசம்பர் 5, வெள்ளி

காய்ச்சல் இறங்கிவிட்டது.

நேற்றும் இன்றும் வேலைக்குப் போனேன். குணசீலன் முதன்முறையாக லீவு போட்டார். ஊர் ஒன்றும் இருட்டிவிடவில்லை. செவ்வாய்க்கிழமை பாதியில் எழுந்து ஓடியதையும் புதன்கிழமை வராததையும் டெய்சி மேடம் கேட்கவில்லை. பதிவேட்டில் இரண்டு நாளையும் ஆப்சென்ட் போடாமல் வெறுமையாக விட்டிருக்கிறார். "குழந்தை எப்படி இருக்கா?" என்று மட்டும் கேட்டார். கொஞ்சம் கழித்து, "இதான் கடைசி பூங்கோதை. இதுக்கு மேல என்னால மறைக்க முடியாது" என்றார்.

கிருபா அக்கா வந்தாள். என்னைத் தாண்டி உள்ளே போய், மதியின் தலைமாட்டில் உட்கார்ந்து, முடியைக் கோதி இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். கழுத்தில் துணி சுற்றியிருந்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? சுபாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

வாசலில், "அக்கா" என்றேன்.

"திங்கக்கெழம ஆஸ்பத்திரியில சேர்றேன். அறுக்கணும்" என்றாள். "இருந்தா நான் பாத்துக்குவேன் கோதை. புள்ள இன்னா பண்ணுச்சு."

 

டிசம்பர் 7, ஞாயிறு

புயல் அடித்த டெல்டா பக்கம் கம்பம் நட குணசீலனின் குழுவை அனுப்புகிறார்கள். திரும்ப எத்தனை நாளோ. பையில் லுங்கி மடித்து வைத்தபடி, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"கோதை, உனக்கு நெஜமாவே தெரியாதா? ஊர்ல எல்லாருக்கும் நீதான் சொல்லுவே."

மதி தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். பென்சில் நின்றது.

"அவதான் லீவு இல்லன்னு சொன்னா" என்றேன்.

பென்சில் மறுபடி ஓடியது. குணசீலன் பையின் வாரை இறுக்கினார். போகும்போது மதியின் தலையில் மட்டும் கை வைத்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 9, செவ்வாய்

ராத்திரி பிடித்த மழை விடவில்லை. எழுந்து பார்த்தால் மதி படுக்கையில் இல்லை. ஹாலில் இருந்தாள். குளித்து, யூனிபார்ம் போட்டு, கிருபா அக்கா போட்ட பின்னலைத் தானே ஒரு மாதிரி மறுபடி கட்டி, ஷூ மாட்டி, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் கோட்டு மடியில்.

"இன்னிக்கு லீவு இல்லம்மா" என்றாள்.

எதிர் வீட்டில் பூட்டு தொங்குகிறது. என் போன் மேசையில் குப்புறக் கிடந்தது. திருப்பவில்லை. டி.வி.யைப் போடலாம் என்று ரிமோட்டைத் தேடினேன். டி.வி. மேல் இல்லை. தலையணைக்கு அடியில் இல்லை. மதி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லேட்டாயிடும்மா. நாற்காலில அந்த அக்கா ஒக்காந்துடும்."

சாதம் கட்டினேன். டப்பாவை வைக்க அவள் புத்தகப் பையைத் திறந்தேன். தமிழ்ப் புத்தகத்துக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் நடுவில், கைக்குட்டையில் சுற்றி, ரிமோட் இருந்தது.

டப்பாவை அதன் மேல் வைத்தேன். ஜிப்பை இழுத்து மூடினேன்.